அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை

"உங்க அக்காவுக்குத்தான் பிள்ளைங்க யாரும் இல்லையேண்ணே, அப்புறம் என்ன கவலை?" என்று பிரேமாவதி மிஸ்ஸி சிரித்த முகத்தோடு சொன்னபோது பிச்சைக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல வேளை, உட்கார்ந்திருந்தார்.

சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீட்டை முதியோர் இல்லமாக்கி நடத்துகிறவர் பிரேமாவதி. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். அங்கே சன்னலோரக் கட்டிலில் மூன்று வருடமாகப் படுத்திருக்கிறாள் அந்த அக்கா, காத்தாயி. வயது எண்பத்தொன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான்.

பிச்சை அன்று வந்தது ஒரு கெட்ட செய்தி சொல்ல. அடுத்த மாதக் கட்டணத்துக்கு வழியில்லை. அவ்வளவுதான் செய்தி. பாடாங் செராயிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டிவந்த வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். மிஸ்ஸி கத்துவார், வெளியே கொண்டுபோய் விடச் சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தார். மிஸ்ஸியோ பாராட்டத் தொடங்கிவிட்டார்.

"இந்தக் காலத்துல பெத்த பிள்ளையே எட்டிப் பாக்கறதில்ல. தம்பிக்காரர் நீங்க மூணு வருஷம் கட்டியிருக்கீங்க. போதும்ணே. ஜித்ராவுல ஒரு அறக்கட்டளை இல்லம் இருக்கு. சாப்பாடு, மருந்து, பேம்பர்ஸ் எல்லாமே இலவசம். ஒரே ஒரு கண்டிஷன்தான். பிள்ளைங்க இருக்கக் கூடாது. அக்காதான் வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்களே லா. பொறந்தது மூணு, மூணும் தங்கலன்னு."

"மூணுன்னா சொன்னாங்க?"

"மூணுதான். விரல விட்டுக் காட்டினாங்க. பாவமா இருந்துச்சு."

காத்தாயிக்குப் பிறந்தது மூன்று என்பது சரி. செத்தது இரண்டு. மூன்றாவது, இதோ மிஸ்ஸிக்கு எதிரே காவலாளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலை நரைத்து, வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் பிச்சை பிறந்த கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால், பெற்ற தாயை ஒரு மனுஷன் எதற்காக அக்கா என்கிறான், மண்டை குழம்பிவிட்டதா என்று தோன்றும். மண்டையெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

பாடாங் செராய்க்கு உள்ளே எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் சின்னையாவும் காத்தாயியும் பால் வெட்டினார்கள். முதல் பிள்ளை பல் முளைக்கும் முன்னே போனது. இரண்டாவது நடை பழகிய பிறகு, ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போனது. மூன்றாவதாக இந்தப் பையன் பிறந்ததும் காத்தாயி அவனை மார்போடு அணைக்கவே பயந்தாள். அணைத்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுத் தைலம்மாவுக்கு ஐந்து பையன்கள், ஐந்தும் கன்றுக்குட்டி மாதிரி லயத்து வீட்டு வரிசையை மிதித்துக்கொண்டு திரிந்தன. அவள்தான் வழி சொன்னாள். பிள்ளையை விற்றுவிடு என்றாள்.

எமனை ஏமாற்ற நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி அது. பறிகொடுத்த வீட்டில் பிறந்த பிள்ளையைப் பிள்ளை தங்கிய வீட்டுக்கு விற்றுவிட்டால், தேடி வருகிறவன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போவானாம். விலை அதிகமாக இருக்கக் கூடாது, உசத்தியான பொருள் என்று தெரிந்துவிடும். ஆகவே தைலம்மா கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். பிச்சை என்று பேர் வைத்தாள். இடது மூக்கில் குத்தி ஒரு கம்பியையும் மாட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பால் குடிக்க அவனை முன்வாசல் வழியாகக் காத்தாயியிடமே கொடுத்தாள். எமனுக்கு அவ்வளவு மூளை போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

வியாபாரம் அதோடு முடியவில்லை. பேச்சு வந்ததும் பையன் தைலம்மாவை அம்மா என்றும் பெற்றவளை அக்கா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். அக்காவின் புருஷன் என்பதால் பெற்ற அப்பன் மாமா ஆனான். கல்யாணமாகி வந்த புஷ்பவள்ளி முதல் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவங்கள என்னான்னு கூப்பிடறது, மாமியாரா நாத்தனாரா?" என்று கேட்டாள். அண்ணி என்றே இருக்கட்டும் என்று காத்தாயி தீர்ப்புச் சொன்னாள். தோட்டத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் கதை தெரியும். சின்னையா செத்தபோது, மாமாவுக்கு எதற்கு மச்சான் கொள்ளி வைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் பிச்சை வாய் தவறினார். அப்போது ஏழு வயதிருக்கும். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் சைக்கிளை எடுத்து ஓட்டி, கல்லில் மோதி, முட்டி கிழிந்து ரத்தம் கொட்ட, "அம்மா!" என்று அலறிக்கொண்டு காத்தாயியிடம் ஓடினான் பையன். அவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. ஓங்கிக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு மண்ணில் மூன்று முறை துப்பிவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். முட்டித் தழும்பு மறைந்துவிட்டது. அந்த அறை மறையவில்லை.

இப்போது தோட்டம் இல்லை. மரங்களை வெட்டி வீடு கட்டி விற்றுவிட்டார்கள். தைலம்மா இல்லை, அவள் பையன்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். கதை தெரிந்த ஆட்களும் மூலைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் காத்தாயியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்காவுக்கு ஓரிடம் வேணும் மிஸ்ஸி" என்று பிச்சை சொன்னபோது பிரேமாவதி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடையாள அட்டையில் இருவருக்கும் அப்பா பேர் வேறாக இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டார். "தோட்டத்துல எல்லாம் சொந்தம்தான் மிஸ்ஸி" என்று பிச்சை மழுப்பினார். மேலும் விளக்கினால் தவிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடுப்பு முறிந்து ஒருத்தி முனகிக்கொண்டிருக்கும்போது யார் தவிட்டைப் பற்றிப் பேசுவார்கள்?

பணம் போன வழி எல்லாருக்கும் தெரிந்த வழிதான். கையுறைத் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்த பிச்சையை ஆள்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஜாகா வேலை, காவல் காக்கிறது. அதில் வருகிற சம்பளமும் இல்லத்தின் மாதக் கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்று. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சேமநிதிப் பணத்தில் கை வைத்தார். அது கரைந்தது. காரை விற்றார். அதுவும் கரைந்தது. மகள் சாந்தினி ஜொகூரில் இருந்து அனுப்புவதை அனுப்பினாள், அவளுக்கும் இரண்டு கைக்குழந்தைகள். புஷ்பவள்ளிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறாள். வீடோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காத்தாயியை அங்கே வைத்துப் பார்ப்பது என்றால் பிச்சை வேலையை விட வேண்டும், வேலையை விட்டால் மூன்று பேரும் பட்டினி.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். புஷ்பவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களேவா மூணும் செத்துருச்சின்னு சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க. வாழ்நாள் பூரா அக்கான்னுதானே கூப்பிட்டீங்க? இன்னும் ஒரு நாள் கூப்பிட்டா என்ன கொறஞ்சிடும்?"

பிச்சைக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று மறுபடியும் வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. உயிரோடு முன்னால் நடமாடுகிற பிள்ளையைச் செத்த கணக்கில் சேர்க்க ஒரு தாய்க்கு எப்படி வாய் வரும்? பயமா? இந்த வயதிலுமா எமனுக்குப் பயந்துகொண்டு கிடக்கிறாள்? நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது.

சில நாள் கழித்து, அறக்கட்டளையின் ஆள் திவாகரன் ஒரு வெள்ளை வேனில் இல்லத்துக்கு வந்து இறங்கினார். நாற்பது வயது, கலகலப்பான மனிதர். எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, காத்தாயியின் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் தோட்டத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"சும்மா ரெண்டு கேள்விதான் பாட்டி. பயப்படாதீங்க. பிள்ளைங்க எத்தன பேரு?"

"மூணு பெத்தேன் தம்பி. மூணும் போச்சு."

சொல்லும்போது காத்தாயி பிச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணில் ஒரு சலனமும் இல்லை. பிறர் சொல்லிக் கேட்டது ஒன்று, முகத்துக்கு நேரே கேட்பது வேறு.

திவாகரன் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க தம்பியாண்ணே?"

"ஆமா. சித்தப்பா மவன்."

"அக்காவுக்குப் பிள்ளைங்க யாரும் உசிரோட இல்ல, அப்படித்தானே?"

"இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை! தொண்டை அடைக்கும், நா குழறும், அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள் என்றெல்லாம் முந்தின நாள் முழுக்கப் பயந்திருந்தார். சித்தப்பா மகன் என்ற பொய்யைக் கேட்காமலேயே வாய் தானாகச் சேர்த்துக்கொண்டதே, அதுதான் அவரை வெலவெலக்க வைத்தது.

திவாகரன் நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் அடுத்ததைச் சொன்னார். "இனி நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்ணே. எல்லாம் நாங்க பாத்துக்குவோம். நாள பின்ன ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னாகூட காரியமெல்லாம் இல்லத்துலயே செஞ்சிருவோம். பிள்ளை இல்லாதவங்கதானே, கொள்ளிய எங்க தலைவரே வெச்சிருவாரு. அந்தச் செலவும் உங்களுக்கு வராது."

சோறு, மருந்து, பேம்பர்ஸ் என்று எல்லாவற்றையும் யோசித்த பிச்சை இதை யோசிக்கவில்லை. பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க எவனோ ஒரு தலைவன்! வேட்டியைக் கட்டிக்கொண்டு, பானையைத் தோளில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருத்தன் சுற்றி வருவான். பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகத் தம்பி என்று நின்று பார்க்க வேண்டும். அதுவும் சேதி சொல்லி அனுப்பினால்தான்.

வாயைத் திறந்துவிட்டார். இவங்க என் அம்மா என்று சொல்லிவிடத்தான் திறந்தார். அதற்குள் போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பால் வெட்டிக் காய்த்த கை. படுக்கையில் கிடக்கிற கிழவியின் பிடியா அது? எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"அதெல்லாம் செத்தப்புறம் பாத்துக்கலாம் தம்பி," என்றாள் காத்தாயி திவாகரனிடம். "உசிரோட இருக்கறப்ப கஞ்சியில உப்பு போடுவீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

திவாகரன் சிரித்தார். மிஸ்ஸி சிரித்தார். பிச்சையின் வாய் திறந்தபடியே இருந்துவிட்டு மூடிக்கொண்டது.

இரண்டு பைகளில் அவளுடைய உடைமைகள் அடங்கிவிட்டன. சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றுவதற்குப் பிச்சை ஒரு பக்கமும் திவாகரன் ஒரு பக்கமும் பிடித்தார்கள். முகமும் முகமும் கிட்டத்தில் வந்தபோது திவாகரனின் பார்வை பிச்சையின் இடது மூக்கில் விழுந்து, அங்கேயே நின்றது. கம்பி போய் எத்தனையோ காலமாகிவிட்டாலும் துளை தூர்ந்துபோகவில்லை. திவாகரனின் முகத்தில் இருந்த கலகலப்பு மெல்ல வடிந்தது. அவர் கிழவியைப் பார்த்தார். மறுபடி பிச்சையைப் பார்த்தார்.

"எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தாண்ணே, இடது மூக்குல," என்றார் தாழ்ந்த குரலில். "தோட்டத்துச் சீனர் ஆப்பே கடையில அவரப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க."

முடிந்தது, இறக்கச் சொல்லப் போகிறார் என்று பிச்சை நினைத்தார். இறக்கச் சொன்னால் என்ன செய்வது, எங்கே கொண்டுபோவது என்று ஒன்றும் ஓடவில்லை.

திவாகரன் சக்கர நாற்காலியின் பட்டையை இழுத்து மாட்டினார். நன்றாக மாட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு, "உங்க போன மட்டும் எப்பவும் ஆன்ல வெச்சிருங்கண்ணே. எந்த நேரமானாலும் மொதல்ல உங்களுக்குத்தான் அடிப்பேன். நீங்க வராம நாங்க எதையும் ஆரம்பிக்க மாட்டோம்," என்றார். "நான் டயருல காத்து இருக்கான்னு பாக்கறேன். பேசிட்டு இருங்க."

டயரில் காற்று நன்றாகத்தான் இருந்தது. அவர் வேனின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிச்சைக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "எதுக்குக்கா மூணுன்னு சொன்ன? என்னையும் சேத்துக் கொன்னுட்டியே! எனக்கு அறுவது ஆகப்போவுது. இன்னுமா எமனுக்குப் பயந்துகிட்டு இருக்கற?"

"எமனா?" காத்தாயி உதட்டைப் பிதுக்கினாள். "அவன் நம்மள எப்பவோ மறந்துட்டான். உனக்குப் பயந்துதான்டா சொன்னேன்."

"எனக்கா?"

"இங்க கொண்டாந்து போட்ட அன்னிக்கே அந்தப் பொம்பள கேட்டா, பிள்ளைங்க இருக்கான்னு. இருக்குன்னா கடைசிவரைக்கும் உன் கழுத்தத்தான பிடிப்பாங்க? நீ ஒண்ணு விடாம வித்துட்டு நடுத்தெருவுல வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியாதா? காடிய வித்துட்ட. எங்கிட்டச் சொல்லல. மழையில நனைஞ்சிகிட்டு மோட்டார்ல வந்தா எனக்கு விளங்காதுன்னு நெனச்சியா?"

மூன்று வருடமாகப் பிச்சை கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருந்தபோது, சன்னலோரக் கட்டிலில் படுத்தபடி இவள் இந்த நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறாள். சேமிப்பு தீரும் என்று அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் காலுக்குக் கீழே இருந்த தரை யாரால் நின்றது என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முன்னே விற்றதற்கு ஒரு முறம் தவிடாவது வாங்கினாள். இந்தத் தடவை அதுகூட வாங்கவில்லை.

காத்தாயி வேனுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். திவாகரன் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ கூப்பிடேன்," என்றாள்.

"என்னா?"

"அம்மான்னு. மெதுவா. அந்தத் தம்பி வர்றதுக்குள்ள."

காதில் விழுந்ததை அவரால் நம்ப முடியவில்லை. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. முட்டி கிழிந்து ஓடிவந்த பிள்ளையை அறைந்து அனுப்பிய நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாளா? அதை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தார். உதடு சேர்ந்தது, பிரிந்தது. எதுவும் வரவில்லை. கன்னத்தில் சுரீரென்று எரிந்தது, ஏழு வயதில் எரிந்த அதே இடத்தில். மறுபடி முயன்றார். அந்த வார்த்தை தைலம்மாவுக்குப் போய்விட்ட வார்த்தை. அவள் செத்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. இந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்குக்குப் பழக்கமில்லை. கண்ணீர் மட்டும் தாராளமாக வந்தது.

"அக்கா," என்றார்.

காத்தாயி பல்லில்லாத வாயால் சிரித்தாள். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். "சரி தம்பி. கெளம்பு. புஷ்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் போவ நேரமாச்சு."

திவாகரன் வந்து கதவை இழுத்துச் சாத்தினார். வேன் தாமானின் முனையில் திரும்பி மறைந்தது. மிஸ்ஸி ஒரு கோப்பை மைலோ கொண்டுவந்து நீட்டி, "அக்கா மேல எவ்வளவு பாசம்ணே உங்களுக்கு," என்றார். பிச்சை அதைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய சாலையில் சிவப்பு விளக்கு விழுந்து மோட்டாரை நிறுத்தினார். சுற்றிலும் லாரிகள், கார்கள், தொழிற்சாலைப் பேருந்துகள். அப்போதுதான் வந்தது. ஹெல்மெட்டுக்குள் அவ்வளவு பெரிதாகக் கேட்டது அது, பக்கத்து மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா!"

சொன்ன வேகத்தில் பிச்சை கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அறைகிறவள் அந்நேரம் ஜித்ராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.